முப்பத்துநாலு வீதம்

முந்நூறு பிரதி அடித்தோம்.
மட்டைக்கு நீலம் முடிந்துபோனதென்று
கஸ்தூரியார் வீதி அச்சகக்காரர்
கேட்காமலே ஊதா போட்டார்.
வெளியீட்டு விழாவில் தொண்ணூற்றொன்று போனது.
உறைக்குள் ஐந்நூறு ரூபாய் வைத்துத் தந்தவர்கள்
வாசிக்கிற கடனும் அதோடு தீர்ந்ததென்று
புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
வடை சாப்பிடப் போனார்கள்.
மீதி என் கட்டிலுக்குக் கீழே.
கறையானுக்கு வேப்பிலை காவல்.

யூட் அண்ணை கடைக்குப் பத்துக் கொடுத்தேன்.
நாற்பது வீதம் கழிவு, விற்றால் காசு.
ஆறு மாதத்தின் பின் போய்ப் பார்த்தால்
முன்னுக்கு கொப்பியும் கொம்பாஸ் பெட்டியும்,
நடுவில் கடந்தகால வினாத்தாள்,
ஃபேன் காற்று எட்டாத பின்சுவரில் நான்.
"ஒண்டு போனது, தங்கச்சி."
"ஆர் வாங்கினது?"
"நான்தான்."

பிரம்டனில் இருந்து அக்காவின் மகன் துவாரகன்
"மின்நூலாய்ப் போடுவம் சித்தி" என்றான்.
பாமினி எழுத்தில் அடித்த கோப்பைத் திறந்தபோது
என் கவிதையெல்லாம்
அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாய்
வாந்தி எடுத்துக் கிடந்தது.
மூன்று ஞாயிறு இருந்து துடைத்தோம்.

முதல் மாத அறிக்கை வந்தது.
பதினேழு பேர் திறந்திருக்கிறார்கள்.
ஒஸ்லோ, லாச்சப்பல், ஸ்காபரோ,
சுன்னாகத்தில் ஒருவர்.
ஒஸ்லோக்காரர் கடைசிப் பக்கம்வரை போயிருக்கிறார்.
சுன்னாகம் முப்பத்துநாலு வீதத்தில் நிற்கிறது.

ஊதா மட்டைக்காரர் எங்கே நின்றார்களென்று
எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.
அந்த அறியாமை
எவ்வளவு நல்ல தலையணையாய் இருந்திருக்கிறது!
தண்ணீர்ச் சபையில் கோப்புக் கட்டும்போதும்
பருத்தித்துறை பஸ்ஸில் தொங்கும்போதும்
முப்பத்துநாலு, முப்பத்துநாலு.
அழைப்பு வந்து வைத்திருப்பாரோ?
கரண்ட் போயிருக்குமோ?
எண்பத்தெட்டுப் பக்கத்தில் கணக்குப் பார்த்தேன்.
முப்பதாம் பக்கம்.
எண்ணெய் கலந்த கிணறுகளைப் பற்றி
நான் எழுதியது.
"வாளி மேலே வந்தது, வானவில்லோடு."
அந்த வரிக்கு மேடையில் கைதட்டினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மின்னஞ்சல், பெயரில்லை.
"வானவில் இல்லை, அக்கா.
பிள்ளைக்குப் பால்மா கரைக்க ஏலாத தண்ணி."
வேறொன்றும் எழுதவில்லை.
முப்பத்துநாலு வீதக்காரர்தானோ,
வேறு ஆரோ.

இரவு பதினொரு மணிக்கு வரியை எடுத்தேன்.
நாலு நிமிடம்.
ஒஸ்லோவிலும் லாச்சப்பலிலும்
எல்லாப் போனுக்குள்ளும் வானவில் அணைந்தது.
ரப்பர்த் தூள்கூட விழவில்லை.
பிழைதிருத்தம் என்று ஒரு துண்டுத்தாள் ஒட்டி
ஊருக்கு முன்னால் வெட்கப்படவும் தேவையில்லை.
அதுதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.
கட்டிலுக்குக் கீழே
நூற்றுத் தொண்ணூற்றெட்டு வானவில்.

காலையில் யூட் அண்ணையின் ஒன்பதையும்
பேனையால் வெட்டினேன்.
"இப்ப இது பழைய புத்தகம், அரைவிலை" என்று சிரித்தார்.
அவர் வாங்கின பத்தாவதை மட்டும்
தர மாட்டேன் என்றுவிட்டார்.

பிறகு நூலகம்.
எமில்டா என் பேனையைப் பார்த்தாள்.
"புத்தகத்தில எழுதக் கூடாது.
எழுதினது நீங்களெண்டாலும்."
"பிழை இருக்கு, எமில்டா."
"இருக்கட்டும். பிழையோட பதிஞ்சது."
அவள் சொன்னதில் ஏதோ சரி இருந்தது,
அதனாலேயே கோபம் வந்தது.

திகதித் தாளில் ஒரு முத்திரையும் இல்லை.
முதல் முத்திரை எனக்கே குத்தினாள்.
பதினான்கு நாள் தவணை.

அடுத்த மாத அறிக்கையும் வந்துவிட்டது.
சுன்னாகம் அசையவில்லை.
திருத்திய வரி
அவரை எட்டினதோ தெரியாது.

மேசையில் முப்பதாம் பக்கம் விரிந்து கிடக்கிறது,
பக்கத்தில் ஒரு பென்சில், பேனையில்லை.
இன்றைக்குப் பதின்மூன்றாம் நாள்.